காளானைக் காய்கறிக் கூடையில் போடாதீர்கள்: குழந்தைகள் காப்பகச் சமையலறைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காளான் மிளகு வறுவல், காளான் குருமா, காளான் பிரியாணி என்று நாளிதழ்களின் மகளிர் பக்கங்களில் சமையல் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாங்கி வந்த காளானை அடுப்பில் ஏற்றும் வரை எங்கே, எதில், எத்தனை மணி நேரம் வைப்பது என்று எந்தக் குறிப்பிலும் காணோம். வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. முப்பது, நாற்பது சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சமைக்கும் இடத்தில் முதலில் தெரிந்திருக்க வேண்டியதே இதுதான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று விதித்தது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். இன்று பல டே-கேர்களில் மதியச் சாப்பாடும் அங்கேயே சமைக்கிறார்கள். வாரம் ஒருநாள் காளான் என்று மெனு அட்டையில் எழுதியும் ஒட்டுகிறார்கள். அந்தச் சமையலறைகளுக்காகவும், அங்கே குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர்களுக்காகவும் இந்தக் கடிதம்.

காளானைக் காய்கறிக் கணக்கில் வைக்காமல் பால் கணக்கில் வைக்க வேண்டும். கத்தரிக்காய்க்கும் வெள்ளரிக்காய்க்கும் மேலே மெழுகுத்தன்மையுள்ள தோல் ஒன்று உண்டு. அது ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும், கிருமியை வெளியே நிறுத்தும். காளானுக்கு அந்தக் காப்பு கிடையாது. நூறு கிராம் காளானில் ஏறக்குறைய தொண்ணூறு கிராம் தண்ணீர்தான். பறித்த பிறகும் அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயு, ஈரம், சூடு மூன்றையும் வெளியே தள்ளும். வெப்பம் ஏற ஏற இந்த மூச்சும் வேகமாகும். பூஜ்யம் முதல் 2 டிகிரி வரையிலான குளிரில் ஒரு வாரம் தாங்கும் மொட்டுக் காளான், நம் ஊர் ஏப்ரல் மாதத்துச் சமையல் மேடையில் ஒரே நாளில் பழுப்பேறி, குடை விரிந்து, கொழகொழத்துப் போவது இதனால்தான்.

நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. வெள்ளையாக உருண்டையாக 200 கிராம் பாக்கெட்டில் வரும் மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும் என்பதால் நீலகிரி, கொடைக்கானல் பக்கத்திலிருந்தோ ஏ.சி. போட்ட வளர்ப்பு அறைகளிலிருந்தோ வரும். சிப்பிக் காளானும் பால் காளானும் சமவெளியிலேயே விளையும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே. 2 பால் காளான் நம் வெயிலிலும் வளரும் ரகம். இந்த மூன்றில் வைத்திருந்து சமைக்கக் கொஞ்சமாவது இடம் கொடுப்பது பால் காளான். சதை கெட்டி, தண்டு தடிமன், சட்டென்று துவளாது. சிப்பிக் காளான் நேர் எதிர். ஓரம் மெலிசாக இருப்பதால் அங்கேதான் முதலில் காயும், கிழியும், கெடும். காலையில் பறித்த சிப்பிக் காளானை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்தாலும் மறுநாளுக்கு மேல் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். மொட்டுக் காளானுக்கும் பால் காளானுக்கும் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து 48 மணி நேரம் என்று காப்பகத்தில் எல்லை வகுத்துக்கொள்வது நல்லது. ‘அஞ்சு நாள் இருக்கும்மா’ என்று கடைக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லும் ஐந்து நாள் பறித்த நேரத்திலிருந்து, குளிர் ஒரு நிமிடமும் அறுபடாமல் வந்தால் மட்டும். மலையிலிருந்து இரவு வண்டியில் இறங்கி, மொத்தக் கடையில் காலை வரை கிடந்து, டூ-வீலரில் வெயிலோடு உங்கள் வாசலுக்கு வந்த பாக்கெட்டில் அந்த ஐந்து நாளில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் வாசலிலேயே பார்த்து வாங்க வேண்டும். பாக்கெட்டைத் தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும். மேலே சுற்றிய கிளிங் ஃபிலிமின் உள்பக்கம் மெலிதாகப் பனி படிந்திருந்தால் பரவாயில்லை. முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, தட்டின் அடியில் தேங்கி நின்றால் வழியில் எங்கோ குளிர் விட்டு மறுபடி குளிர் பட்டிருக்கிறது என்று பொருள், அதை வாங்க வேண்டாம். பாக்கெட் உப்பியிருந்தாலும் வேண்டாம். ஒரு பாக்கெட்டைப் பிரித்து மூக்கருகே பிடியுங்கள். நல்ல காளானில் மழை பெய்த மண் வாசனைதான் வரும். மீன் கவிச்சியோ, புளித்த வாடையோ, அம்மோனியா நெடியோ அடித்தால் அந்த லாட் முழுவதையும் திருப்பிவிடுங்கள். தண்டின் வெட்டுமுனை லேசாகப் பழுப்பேறியிருப்பது சகஜம். கறுத்து ஈரமாக இருந்தால் பறித்துப் பல நாளாகிவிட்டது. பேக் செய்த தேதியும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இல்லாத பாக்கெட்டைக் காப்பகத்துக்குள் ஏற்றக் கூடாது. உள்ளூர் விவசாயியிடமோ மகளிர் குழுவிடமோ சில்லறையாக வாங்கினால், பதிவு எண் இருந்தால் அதையும், பறித்த நேரத்தையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல காளான் வளர்ப்பவர்கள் பறித்த நேரத்தைப் பெருமையாகவே சொல்வார்கள்.

பளீரென்று சுண்ணாம்பு வெள்ளையில் இருக்கும் மொட்டுக் காளானைப் பார்த்து மயங்க வேண்டாம். பழுப்பாகாமல் இருப்பதற்காகப் பொட்டாசியம் மெட்டா பை-சல்பைட் கரைசலில் கழுவி அனுப்பும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தைகளில் சிலருக்கு சல்பைட் ஆகாது, இழுப்பு வந்துவிடும். பிரித்தவுடன் தீக்குச்சி உரசினது போல மூக்கில் நெடி ஏறினால் சந்தேகப்படுங்கள். கழுவாத காளான் கொஞ்சம் மங்கலாக, அங்கங்கே கரித்தூள் மாதிரி மண்ணோடுதான் இருக்கும். அதுதான் நல்லது.

இனி ஃபிரிட்ஜுக்கு வருவோம். பெரும்பாலான காப்பகங்களில் இருப்பது வீட்டு உபயோக ஃபிரிட்ஜ்தான். பிள்ளைகளின் பால் பாட்டிலுக்காக நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து மூடுகிறார்கள். கதவில் ‘4’ என்றோ ‘மீடியம்’ என்றோ காட்டும் குமிழை நம்பிப் பயனில்லை, அது உள்ளே இருக்கும் டிகிரியைச் சொல்வதில்லை. விலை குறைந்த ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் போட்டு வையுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் முள் ஆடும், தண்ணீருக்குள் இருந்தால் பொருளின் உண்மையான குளிரைக் காட்டும். காலையில் முதல்முறை திறக்கும்போதும் மதியம் மூன்று மணிக்கும் பார்த்து எழுதுங்கள். 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏறியிருந்தால் முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் அது சுலபமாக உருவி வரக் கூடாது. ரப்பர் சரியாக இருந்தால் அடுத்த குற்றவாளி ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் அண்டா. சூடு ஆறாத சாம்பாரையோ பத்து லிட்டர் மாவுப் பாத்திரத்தையோ உள்ளே தள்ளிவிட்டுக் காளான் கெட்டுவிட்டது என்று கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

எந்தத் தட்டு என்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். பெயரைப் பார்த்துக் காளானை அடியில் இருக்கும் காய்கறிப் பெட்டிக்குள் போடுகிறார்கள். அங்கே குளிர் குறைவு, ஈரம் அதிகம். கழுவிப் போட்ட கொத்தமல்லியும் கீரையும் விடும் தண்ணீர் வேறு. ஒரே இரவில் காளான் நொசநொசத்துவிடும். ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள சில்லர் தட்டும் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். பனி பிடித்து, எடுத்ததும் தண்ணீராக வடியும். கதவு அறை சொல்லவே வேண்டாம். நடுத்தட்டில், பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பதே சரி. மேலே என்ன, கீழே என்ன என்பதும் முக்கியம். மொட்டுக் காளான் வளர்வது வைக்கோலும் கோழி எருவும் சேர்த்து மக்கவைத்த உரத்தில். அந்த உரத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தித்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் கழுவாத காளானை மண்ணோடு வந்த பொருளாகவே நடத்த வேண்டும். அதனால் அடுப்பேறாமல் குழந்தையின் வாய்க்குப் போகும் பால், தாய்மார்கள் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போகும் தாய்ப்பால், தயிர், நறுக்கிய பழம் எல்லாம் காளானுக்கு மேல்தட்டில் இருக்க வேண்டும். முட்டை, கோழி, மீன் அதற்குக் கீழே, அடித்தட்டில். கோழி மேலே இருந்து ஒரு சொட்டு நீர் காளான் மேல் விழுந்தால் கழுவினாலும் முழுக்கப் போகாது. காளான் குடையின் அடியில் இருக்கும் மடிப்புகளுக்குள் புகுந்த நீரை யாரும் தேய்த்து எடுக்க முடியாது.

எதில் வைப்பது? நம் சமையலம்மாக்களுக்குப் பிடித்தது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா. காளானுக்கு அது ஆகவே ஆகாது. மூச்சு விடும் பொருளை மூடி போட்டு அடைத்தால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாத, ஈரமான, புளிப்பில்லாத இடம்தான் தசைகளைச் செயலிழக்கவைக்கும் போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் கிருமிக்கு வேண்டியது. அதன் வித்துகள் மண்ணிலேயே இருப்பவை. 1975இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வித்துகளைப் புதுக் காளானில் செலுத்தி, துளையில்லாத பிளாஸ்டிக் படலம் சுற்றி 20 டிகிரியில் வைத்தார்கள். மூன்று நான்கு நாளில் நஞ்சு உண்டாகியிருந்தது. காளான் பாக்கெட்டுகளின் படலத்தில் ஊசித் துளைகள் போடும் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்த அச்சம்தான். ‘ஓட்டை விழுந்த பாக்கெட்’ என்று நினைத்து அதன் மேல் இன்னொரு கவர் போட்டு முடிச்சுப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டைதான் பாதுகாப்பு. மளிகைக் கடைகளில் கிடைக்கும் பிரவுன் பேப்பர் கவர் போதும். பாக்கெட்டைப் பிரித்து, நசுங்கினது, ஈரமானதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றதைக் கவரில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியாமல் பரப்பி, வாயை ஒரு மடிப்பு மட்டும் மடித்து வையுங்கள். ஒரு கிலோவுக்கு நான்கு கவர் ஆகும். நியூஸ்பேப்பரில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். (உங்கள் நாளிதழைக் குறை சொல்லவில்லை, எல்லா மையும் ஒட்டும்.) அகலமான எவர்சில்வர் தட்டில் பரப்பி, மேலே வெளுத்த உலர்ந்த துணி போட்டு மூடினாலும் சரிதான். துணி ஈரமாக இருக்கக் கூடாது. வந்த தேதி, நேரம், எப்போது எறிய வேண்டும் என்ற மூன்றையும் மார்க்கரால் கவர் மேல் எழுதிவிடுங்கள். ‘நேத்து வந்ததா, முந்தாநேத்து வந்ததா’ என்று ஆயாம்மாவும் சமையலம்மாவும் பேசிக்கொண்டிருக்கும் நிலைமை வரக் கூடாது.

கழுவுவது சமைப்பதற்குச் சற்று முன்னால்தான். முதல் நாளே கழுவிவைத்தால் மேலே நிற்கும் தண்ணீர்ப் படலத்தில் சூடோமோனாஸ் வகைக் கிருமிகள் பெருகும். குடை மேல் பழுப்புத் திட்டுகளும் கொழகொழப்பும் வருவது அவற்றால்தான். காளான் தண்ணீரைக் குடித்துவிடும் என்பது பாதி உண்மைதான். சில நிமிடக் கழுவலில் நூறு கிராமுக்குச் சில கிராம்தான் ஏறும், அதற்குப் பயந்து கழுவாமல் விட வேண்டாம். குழாய்த் தண்ணீரில், கண்வடிகட்டியில் போட்டு, கால் கிலோ கால் கிலோவாக விரலால் புரட்டிக் கழுவி, துணியில் ஒற்றி எடுங்கள். பேசினில் ஊறப்போடுவதும், மைதா தேய்த்துக் கழுவுவதும் வேண்டாத வேலை.

நறுக்குவதும் அன்றைக்கே, அதே மணி நேரத்தில். காலை வேலையைக் குறைக்கிறேன் என்று முந்தின சாயந்திரமே நறுக்கி வைக்கும் வழக்கம் பெரிய சமையலறைகளில் உண்டு. வெட்டுப்பட்ட காளானில் சாறு கசிகிறது, கைபடுகிறது. கையிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டேஃபைலோகாக்கஸ் கிருமிக்கு அந்தச் சாறு நல்ல தீனி. சமையலறைச் சூட்டில் அது பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கிருமி சாகுமே தவிர நஞ்சு போகாது. 1989இல் அமெரிக்காவில் மிசிசிப்பி, நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களில் சீனாவிலிருந்து வந்த டின் காளானைச் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. காரணம் இந்த நஞ்சுதான். டின்னில் அடைத்து அவ்வளவு சூட்டில் வேகவைத்தும் அது அழியவில்லை. ‘கொதிக்கவெச்சா எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கையில் காயமோ கொப்புளமோ உள்ளவர் அன்று காளான் பக்கமே வர வேண்டாம்.

குளிரில் வைத்துவிட்டால் கவலையே இல்லை என்றும் இருந்துவிட முடியாது. லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும் கிருமி. கொரியாவிலிருந்து வந்த எனோகி காளான் மூலம் அமெரிக்காவில் 17 மாநிலங்களில் 36 பேரை அது பாதித்தது, நான்கு பேர் இறந்தார்கள். 2020இல்தான் அது எனோகியால் வந்தது என்று வெளியே தெரிந்தது. நூல் நூலாக இருக்கும் அந்த எனோகியும் இப்போது நம் சூப்பர் மார்க்கெட் குளிர்ப்பெட்டிகளுக்கு வந்துவிட்டது. காப்பகத்துக்கு அது தேவையில்லை. எந்தக் காளானையும் பச்சையாகவோ, சாலட்டிலோ, அரைவேக்காடாகச் சாண்ட்விச்சிலோ குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

மின்வாரியத்தின் பராமரிப்பு நாளை மறந்துவிடாதீர்கள். காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் 2 மணிக்கோ, சில நாள் 5 மணிக்கோதான் திரும்பும். திறக்காமல் மூடியே வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். பால் பாட்டிலுக்காகத் திறந்துகொண்டே இருந்தால் அதில் பாதிகூட நிற்காது. அறிவிப்பு முன்கூட்டியே பத்திரிகைகளில் வருகிறது. அன்றைக்கு மெனுவில் காளான் வேண்டாம், முந்தின நாளும் வாங்கி வைக்க வேண்டாம். திடீரென்று போய்விட்டால், கரண்ட் வந்ததும் முதல் வேலையாக டம்ளர் தெர்மாமீட்டரைப் பாருங்கள். 5 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று தோன்றினால் காளானை எறிந்துவிடுங்கள். 200 கிராம் பாக்கெட் ஐந்தின் விலையைப் பார்த்து மனசு கேட்காதுதான். ஆனாலும் எறியுங்கள். பச்சைக் காளானை ஃப்ரீசரில் போட்டு வைப்பதும் வழியில்லை, கரைந்தால் கஞ்சியாகிவிடும். வதக்கிப் போடலாம் என்பார்கள். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 நிலையாக நிற்காது. காப்பகத்துக்கு அந்த வம்பு வேண்டாம்.

கெட்டதையும் கெடாததையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நல்ல காளான் குப்பைக்குப் போவதும் உண்டு. சிப்பிக் காளானின் தண்டடியிலும், சில நேரம் குடை மேலும், வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்ந்திருக்கும். அது பூசணம் இல்லை. காளானின் சொந்த இழைதான், சமைக்கலாம். மொட்டுக் காளானின் குடை விரிந்து அடியில் பழுப்பு மடிப்பு தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம், உடனே சமைக்கலாம். விரல் அழுத்தின இடத்தில் பழுப்பாவது நறுக்கிய ஆப்பிள் நிறம் மாறுவதற்குக் காரணமான அதே வகை நொதியால். ஆபத்தில்லை. ஆனால் பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் பொடி படர்ந்திருந்தால் அது பூசணம். விரலில் நூலாக வரும் பிசுபிசுப்பும், அழுத்தினால் குழிந்து நீர் விடுவதும், கவிச்சி வாடையும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கெட்ட பாகத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடுவது வீட்டுச் சிக்கனம், காப்பகத்தில் கூடாது. ஒரு கவரில் இரண்டு மூன்று இப்படி இருந்தால் கவரோடு போக வேண்டும். போட்டுலிசம் நஞ்சும் ஸ்டேஃப் நஞ்சும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவதில்லை. அதனால் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக 48 மணி நேர எல்லையை நீட்டக் கூடாது.

அளவு தெரியாமல் கூடுதலாக வாங்குவதால்தான் மிஞ்சுகிறது, மிஞ்சுவதால்தான் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்குப் பச்சைக் காளான் 30 கிராம் தாராளம். முப்பது குழந்தைகளுக்கு 900 கிராம், அதாவது ஐந்து பாக்கெட். கழிவு போகச் சரியாக வரும். வதங்கி நீர் வற்றினால் ஏறக்குறைய பாதியாகிவிடும், பாத்திரத்தில் கொஞ்சமாகத் தெரிகிறதே என்று அடுத்த முறை இரண்டு கிலோ வாங்கிவிடாதீர்கள். காலை ஏழரைக்கு வரவழைத்து, அரை மணிக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றி, பத்து மணிக்குக் கழுவி நறுக்கி, பத்தரைக்கு அடுப்பேற்றி, பன்னிரண்டுக்குள் பரிமாறி முடித்தால் வைத்திருக்கும் பிரச்சினையே பாதி தீர்ந்தது. அன்றன்று வரவழைக்க முடியாத இடங்களில் முதல் நாள் மாலை, அவ்வளவுதான்.

துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வெந்த காளான் வழுக்கும், ரப்பர் மாதிரி இருக்கும். சரியாக மெல்லாத குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொடிப்பொடியாகக் கொத்திக் குருமாவிலோ பருப்பிலோ கலந்துவிடுங்கள். சிப்பிக் காளானின் நார்த்தண்டை நறுக்கும்போதே எடுத்துவிடுங்கள். அகலமான கடாயில் அரைக்கிலோ அரைக்கிலோவாக வதக்குங்கள். நாலைந்து நிமிடத்தில் காளானே தண்ணீர் விடும், அது கொதித்து வற்றப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் விட்டதுமே ‘வெந்துவிட்டது’ என்று இறக்குவதுதான் வழக்கமான தவறு. அப்போது உள்சூடு இன்னும் எட்டியிருக்காது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் 75 டிகிரி. இல்லாவிட்டால் நன்றாகக் கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, சூடாக வைத்திருப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. ஹாட் பாக்ஸ் சூட்டைக் காக்கும் பாத்திரம்தான், சூடாக்கும் பாத்திரம் இல்லை. பாதி காலியான ஹாட் பாக்ஸில் சூடு வேகமாக இறங்கும். தூங்கி எழுந்து இரண்டரை மணிக்குச் சாப்பிடும் குழந்தைக்குத் தயிர் சாதம் கொடுங்கள், காளானை எடுத்துவைக்க வேண்டாம். மிஞ்சியதை ஊழியர்கள் உடனே சாப்பிடட்டும், அல்லது கொட்டிவிடட்டும். மாலை டிபனுக்கு அதே காளானைச் சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுக்கும் புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸில் அடைத்த காளான் பிரியாணி, பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது ஐந்தரை மணி நேரம் வெதுவெதுப்பில் இருந்திருக்கிறது. கிருமிக்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது. காப்பகத்துக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாட்டில் காளான் வேண்டாம் என்று நிர்வாகமே சொல்லிவிடலாம். குழந்தை முதன்முதலில் காளான் சாப்பிடுவது வீட்டிலேயே நடக்கட்டும், கொஞ்சமாக, பகலில். தடிப்போ வாந்தியோ வந்தால் எதனால் என்று தெரியும். காளானை அசைவமாகக் கருதும் குடும்பங்களும் இருக்கின்றன, சேர்க்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டால் சங்கடமில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. புற்றில் முளைத்த காளான் என்று ஆசையாக யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊரில் தலைமுறையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மழை விட்டதும் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக விரியும் ஒருவகைக் காளானைச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி பிடிக்கும். அதைவிடக் கொடிய அமானிட்டா வகைகளின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அறிகுறியும் ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் தொடங்கும், ஈரலைத் தாக்கும். காப்பகச் சமையலறைக்குள் பில் இல்லாத காளான் நுழையக் கூடாது. காப்பகத் தோட்டத்தில் முளைப்பதையும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். தவழும் குழந்தை எதையும் வாயில் வைக்கும்.

பரிமாறிய அன்று ஒரு கைப்பிடி காளான் கறியை மூடிய சுத்தமான டப்பாவில் தேதி போட்டு ஃபிரிட்ஜில் எடுத்துவைத்து, பாக்கெட் லேபிளையும் அதோடு சேர்த்து வையுங்கள். மூன்று நாள் கழித்து எறியலாம். இடையில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், பாத்திரம் கழுவுவதையும் குப்பை கொட்டுவதையும் நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். என்ன காளான், எப்போது வந்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதை அந்த நோட்டிலிருந்தே டாக்டரிடம் படித்துக் காட்டுங்கள். கண் இமை சொருகுவது, குரல் மங்குவது, விழுங்கத் திணறுவது, உடம்பு துவளுவது ஆகிய போட்டுலிசம் அறிகுறிகளில் எது தெரிந்தாலும் ‘வயிறுதான்’ என்று ஓ.ஆர்.எஸ். கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து கேட்கும்போது கொடுக்க வேண்டியவை அந்த டப்பாவும் லேபிளும் நோட்டும்தான்.

இப்படிக்கு,
உணவுப் பாதுகாப்புப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.